மூன்று ஓலை, இரண்டு தெருச் சாப்பாடு

எங்கள் ஊர் செபஸ்தியார் மூன்று வாரமாக ராசாங்கத்தின் டீக்கடையில் இருந்தார். உடம்பெல்லாம் அம்பு தைத்தும் முகம் சுளிக்காதவர் என்பதால் வடைச்சட்டிப் புகையையும் பொறுத்துக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

தை மாதத் திருவிழாவில் சப்பரம் கோயிலை விட்டுக் கிளம்பி முக்குக்கு வந்ததும், முதலில் எந்தத் தெருவுக்குள் போவது என்று சண்டை வந்துவிட்டது. கிழக்குத் தெருக்காரர்கள் கிழக்கே இழுத்தார்கள். மேற்குத் தெருக்காரர்கள் மேற்கே இழுத்தார்கள். சாதாரண நாளில் எல்லாரும் மாமன் மச்சான்தான். சப்பரம் நின்ற இடத்திலேயே நின்றது. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது. பங்குச்சாமி மைக்கில் "அன்பார்ந்தவர்களே" என்று ஆரம்பித்தார், மைக்கும் அணைந்துபோனது. மனிதர் நேரே போய்க் கோயிலைப் பூட்டினார், பைக்கை எடுத்தார், ஆயர் இல்லத்துக்குப் போய்விட்டார். மறுநாள் அங்கிருந்து உத்தரவு வந்தது: விசாரணை முடியும்வரை செபஸ்தியார்புரத்தில் பூசை கிடையாது.

சப்பரத்தில் இருந்த செபஸ்தியார் சுரூபம் பனியில் நனையக் கூடாதென்று டீக்கடைக்குள் தூக்கி வைத்தோம். அந்த ஒரு வேலையில் மட்டும் இரண்டு தெருவும் ஒத்துப்போனது.

கோயில் பூட்டிக் கிடந்தால் உனக்கென்ன வந்தது அடைக்கலமேரி என்று கேட்பீர்கள். என் மகள் பிரின்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. எங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகளை இன்னார் மகன் கட்டப்போகிறான், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று ஊரறிய அறிவிப்பார்கள். மாப்பிள்ளை பெர்னாட்டுக்குப் பெரம்பலூர் கோயிலில் மூன்று ஓலையும் வாசித்தாகிவிட்டது. எங்கள் கோயிலில் பூசையே இல்லை, ஓலையை எங்கே வாசிப்பது? சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளைக்கோ குவைத்தில் லீவு முடிகிறது. அதனால் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை என்று தேதி குறித்திருந்தோம்.

பெரம்பலூர் சம்பந்தியம்மா தினமும் போன் போட்டார்.

"அந்தத் தேதி தவறுச்சுன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி."

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிரின்சி தைத்துக்கொண்டு வந்த கல்யாண ஜாக்கெட்டை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள்.

பங்குச்சாமியின் போன் அணைந்தே கிடந்தது. ஆயர் இல்லத்துக்குப் போட்டேன். ஆயர் ஆண்டவர் தியானத்தில் இருக்கிறார் என்றார்கள். மறுபடி போட்டேன், கூட்டத்தில் இருக்கிறார். இன்னொரு தடவை போட்டதற்கு, "ஜெபம் பண்ணுங்கம்மா" என்றது ஒரு குரல்.

"ஜெபம் பண்ணத்தாங்க கோயிலத் தொறக்கச் சொல்றேன். எம்மவளுக்கு..."

வைத்துவிட்டார்கள்.

பிறகு விசாரணைக் குழு வந்தது. மூன்று சாமியார்கள், ஒரு வெள்ளைக் கார். தலைவர் முதன்மைக் குரு, அதாவது ஆயருக்கு அடுத்தபடி. வெள்ளை அங்கி, தங்க ஃபிரேம் கண்ணாடி, பஞ்சு போட்டுத் துடைத்த முகம். எங்கள் ஊரில் அவரைப் பெரிய சாமி என்றார்கள்.

பெரிய சாமியைத் தங்கள் பக்கம் இழுக்க வேண்டும் என்று கிழக்குத் தெரு நாட்டுக்கோழி அடித்தது. கேள்விப்பட்டவுடன் மேற்குத் தெரு ஆடு அறுத்தது. சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள் நான். என் வீடும் முக்கில் இருக்கிறது, முன்வாசல் கிழக்குத் தெருவில், கொல்லைவாசல் மேற்குத் தெருவில். அதனால் இரண்டு சமையலும் என் தலையில் விழுந்தது. முன்பக்கம் கோழி, பின்பக்கம் ஆடு.

பெரிய சாமி முன்வாசலில் உட்கார்ந்து கோழிச் சாப்பாடு சாப்பிட்டார். எழுந்து கைகழுவி, "குழு நடுநிலையா இருக்கணும்" என்று சொல்லிக் கொல்லைவாசலுக்கு வந்து ஆட்டுக்கறிச் சாப்பாடும் சாப்பிட்டார். மற்ற இருவரும் கூடவே நடுநிலை வகித்தார்கள்.

நான் ஓலை விஷயத்தைக் கேட்கலாம் என்று கரண்டியோடு கிட்டே போனேன். என் வீட்டுக்காரர் இன்னாசி முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"சாப்புடறப்ப எதையும் கேக்காத. வயிறு நெறஞ்சாத்தான் மனசு எளகும். மொதல்ல வை."

வைத்தேன். வயிறு நிறைந்தது. மனசு இளகியதா என்று பார்க்க வழியில்லை, மூன்று பேருக்கும் கண் செருகிவிட்டது. ஒரு தூக்கம் போட்டு எழுந்து, விசாரணை அடுத்த சனிக்கிழமை தொடரும் என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை கிழக்குத் தெரு விரால் மீன் கொண்டுவந்தது. மேற்குத் தெரு பிரியாணிக்கு இறங்கியது, அதுவும் உடையார்பாளையத்து முந்திரி போட்டு. இதற்குள் ஊரில் சப்பரத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பெரிய சாமி எதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார் என்பதுதான் சண்டை. கொல்லைவாசல் கணக்கில் மேற்குத் தெருக்காரராகிவிட்ட இன்னாசி, டீக்கடையில் செபஸ்தியாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பிரியாணிய மூணு தடவ வாங்குனாரு, தீர்ப்பு எங்க பக்கந்தான்" என்று அளந்துகொண்டிருந்தார். பெற்ற மகளின் கல்யாணம் நிற்கப்போகிறது, இந்த மனுசனுக்குப் பிரியாணிப் பெருமை! அன்றைக்கும் சாமியார்கள் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், போனார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை வந்தது. புதன்கிழமை சாம்பல். காலையிலேயே சம்பந்தியம்மா போன் போட்டு, "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க" என்றார். பிரின்சி ஜாக்கெட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

பெரிய சாமி வந்தார், உட்கார்ந்தார், அங்கிக் கையை மடித்துவிட்டார். இலை போட்டேன். உப்பு வைத்தேன். ஊறுகாய் வைத்தேன். சோற்றுப் பானையைக் கொண்டுவந்து அவர் எதிரே இறக்கி, அதன் மூடி மேல் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு தெருவும் வாசலில் எட்டிப் பார்த்தது.

"ஏய், எழுந்திரு!" என்றார் இன்னாசி.

"சூடுதான், பரவால்ல," என்றேன். உண்மையிலேயே சூடுதான். "சாமி, எம்மவளுக்குச் செவ்வாக்கெழம கல்யாணம். கோயிலப் பூட்டிட்டீங்க. மூணு ஓலையில ஒண்ணுகூட வாசிக்கல. நாளைக்கு ஒரு ஞாயித்துக்கெழமதான் இருக்கு. என்னங்க பண்றது?"

பெரிய சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கல்யாணமா? அதுக்கு ஏம்மா இவ்வளவு கலக்கம்? ஓலைக்கு விலக்கு குடுத்துடலாமே."

"யாருங்க குடுப்பாங்க?"

"நான்தான். எனக்கு அந்த அதிகாரம் இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"பதினோரு வருசமா இருக்கும்மா."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"பதினோரு வருசமாக் கையில வச்சிக்கிட்டு, ரெண்டு சனிக்கெழமையா எங்கூரு கோழியும் ஆடும் தின்னீங்களா?"

"கல்யாணம் இருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் வாயத் தொறக்கறப்பல்லாம் ஒரு துண்டு வச்சீங்க. தொறந்த வாய்க்கு நேரா நீங்கதான் கரண்டியோட நின்னீங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். வைத்தது நான்தான், மறுக்க முடியாது. ஆனால் அதற்காக விட்டுவிடவும் முடியாது.

"சரிங்க சாமி, நாங்க கேக்கல, தப்புதான். விசாரணைக்குன்னு வந்தது யாரு? கோயிலப் பூட்டுனா உள்ள என்னென்ன நடக்காமக் கெடக்குன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா? சப்பரம் எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு செபஸ்தியாருக்கே கவல இல்ல. எம்மவ ராத்தூக்கம் இல்லாமக் கெடக்கறா. விசாரணைன்னா விசாரிக்கணுங்க!"

ஆயர் இல்லத்து ஆளிடம் இப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. நானே பேசியதும் இல்லை. பெரிய சாமியின் முகம் சிவந்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார், உப்பும் ஊறுகாயும் மட்டும் இருந்த இலையை. பிறகு தலையைத் தூக்கினார்.

"வேற என்னம்மா நடக்காமக் கெடக்கு?"

அவ்வளவுதான், ஊர் உடைத்துக்கொண்டது. அரியமுத்துவின் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை, பேர் வைக்காமல் தங்கம் தங்கம் என்று கூப்பிடுகிறார்கள். செத்துப்போன சின்னப்பிள்ளைப் பாட்டிக்கு முப்பதாம் நாள் பூசை வைக்கவில்லை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் புகுந்தார். கிழக்குத் தெருக்காரர் பாதியில் விட்டதை மேற்குத் தெருக்காரர் எடுத்துச் சொன்னார். பெரிய சாமி வெறும் இலை முன்னால் உட்கார்ந்து அத்தனையும் கேட்டார். நடுவில் அவர் வயிறு ஒருமுறை கத்தியது. யாரும் சிரிக்கவில்லை. மற்ற இரண்டு சாமியார்களும் ஊறுகாயை நக்கிக்கொண்டு கேட்டார்கள்.

எல்லாரும் சொல்லி முடித்ததும், "கோயில் சாவி?" என்றேன்.

"அது குழு கூடித்தான் முடிவு..." என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். டிரைவரைக் கூப்பிட்டார். சாவி காருக்குள்தான் இருந்தது. மூன்று வாரமும் அது எங்கள் ஊருக்கு வந்து வந்து போயிருக்கிறது.

நான் பானையை விட்டு எழுந்தேன். பின்பக்கம் நன்றாக வெந்திருந்தது. உள்ளே போய்ப் பிரின்சியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்துதான் சோறு போட்டேன். சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னதும், "நான் அன்னைக்கே சொன்னேனே, எல்லாம் நல்லபடியா நடக்கும்னு" என்றார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பெரிய சாமியே வந்து தாலியை மந்திரித்துக் கொடுத்தார். பெர்னாட் கட்டினான். பிரின்சி அந்த ஜாக்கெட்டில்தான் இருந்தாள், எத்தனை தடவை மடித்தாலும் ஒரு சுருக்கம் விழவில்லை.

பந்தியில் பெரிய சாமிக்கு நானே இலை போட்டேன். கோழிக்குழம்பை ஊற்றப் போனபோது அவர் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்து இலைக்காரர் மாப்பிள்ளை வீட்டுப் பெரம்பலூர்க்காரர், அவரை இவருக்கு யாரென்றே தெரியாது. அவரிடம் சாய்ந்து கேட்டார்:

"ஒங்க வூட்ல எதுவும் நடக்காமக் கெடக்கா?"