பத்து நிமிஷத்துக்கு ஒரு டொய்ங்

சித்ராவின் போன் அன்றைக்கும் பில் கவுன்ட்டரில் வைத்து அவள் மானத்தை வாங்கியது. விழுப்புரத்தில் அவள் பில் போடும் ஜவுளிக்கடைக்கு சூப்பர்வைசரான சீனுவாசன், அதற்கென்றே காத்திருந்தவர்போல வந்து நின்றார்.

"ஏம்மா, பத்து நிமிசத்துக்கு ஒருவாட்டி டொய்ங் டொய்ங்குனு இன்னாம்மா இது? இன்னொருவாட்டி கேட்டுதுன்னா போனு லாக்கர்லதான்."

"நாளைக்கு எனக்கு லீவுங்க சார். எப்பிடியும் சரி பண்ணிட்றேன்."

போன் சத்தத்தை நிறுத்தி வைக்கலாமே என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிடலாம். அப்படிச் செய்துதான் போன தடவை மோசம் போனாள்.

திண்டிவனத்தில் அவள் வீட்டு உள்ளறையில் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. உள்ளே இரண்டு பல்புகள். அவற்றின் சூட்டில் நாட்டுக்கோழி முட்டைகள். பக்கத்தில், மூடப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கி வந்த பழைய கம்ப்யூட்டர். பெட்டியின் சூட்டைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கும்படி சித்ராவே புரோகிராம் எழுதியிருந்தாள். அந்த வேலை தானாக ஓடும்போது திரையில் எதையாவது எழுதினால், கம்ப்யூட்டர் அதை அப்படியே அவளுக்கு மெயிலாக அனுப்பிவிடும். ஒன்றும் எழுதாவிட்டால் கம்மென்று இருக்கும். சூடு இறங்கினால் மட்டும் 'ஹீட் லோ' என்று இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருந்தாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சூடு சரியாக இருக்கும்போதும் மெயில் வந்தது. உள்ளே பார்த்தால் தலையும் புரியாத வாலும் புரியாத மூன்று கிறுக்கல்கள்.

தொல்லை தாங்காமல் போன மாதம் மெயில் சத்தத்தை நிறுத்தி வைத்தாள். அந்த வாரமே பல்பு ஃபியூஸ் போனது. 'ஹீட் லோ' வந்துதான் இருந்தது, நூறு கிறுக்கல்களுக்கு நடுவே. பொரிய இரண்டு நாள் இருந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே விறைத்துவிட்டன. அன்று அவள் சாப்பிடவில்லை. நாள் முழுக்க நின்று பில் போடும் வேலையிலிருந்து இந்தப் பெட்டிதான் தன்னை மீட்கும் என்று நம்பியிருந்தாள்.

இப்போது இரண்டாவது ஈடு. வல்லத்திலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய முட்டைகள். இன்னும் மூன்று நாளில் பொரிய வேண்டும்.

"இதுவும் பூட்டுச்சுன்னா பெட்டியத் தூக்கி எடைக்குப் போட்டுடு" என்றான் செல்வகுமார். வாசலிலேயே பஞ்சர் கடை வைத்திருக்கும் புருஷன். பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் தலையாட்டுவான். ஒரு டயர் வந்தால் உலகமே மறந்துபோகும்.

"போட மாட்டேன். நாளைக்கு அதுவா நானான்னு பாத்துட்றேன்."

லீவு நாள் காலையிலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். சூட்டுமானி ஒயர்தான் உளறுகிறது என்று நினைத்துப் புது ஒயர் மாற்றினாள். டொய்ங். கணக்குப் போடும் வரிகளை ஒவ்வொன்றாக முடக்கினாள். டொய்ங். மெயிலையே நிறுத்திவிடலாம், ஆனால் அப்போது 'ஹீட் லோ'வும் வராது. மதியச் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில், மெயிலை நம்பாமல் கையாலேயே புரோகிராமை ஓட்டினாள். திரையில் கிறுக்கல் இல்லை. முதல் வரியில் அழகாக ஒரு எழுத்து நின்றது.

உ

பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை தூக்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

"அடப் பாவமே!"

பிள்ளையார் சுழி! மளிகைச் சீட்டோ பரீட்சைத் தாளோ, அது போடாமல் அவள் எதையும் தொடங்கியதில்லை. புரோகிராமிலும் முதல் வரியில் 'உ' எழுதச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையே பார்த்திருக்கிறாள். கம்ப்யூட்டரும் பயபக்தியோடு பத்து நிமிஷத்துக்கு ஒரு பிள்ளையார் சுழி போட்டு அனுப்பியிருக்கிறது. தமிழ் எழுத்து மெயிலில் உடைந்து கிறுக்கலாகியிருக்கிறது.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தக் குஞ்சுகள் நினைவுக்கு வந்து அழுகைதான் ஜெயித்தது.

வரியை அழிக்க விரல் போனது. மனசு ஒப்பவில்லை. இரண்டு நாளில் குஞ்சு வரவேண்டிய நேரத்தில் பிள்ளையாரையா அழிப்பது? வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டாள். அப்படிப் போட்டால் வரி அங்கேயே இருக்கும், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது.

"இங்கியே குந்திக்கினு இரு சாமி. சத்தம் மட்டும் போடாத."

போன் அடங்கியது. அதையும் அவள் நம்பவில்லை. சூட்டுமானியைப் பெட்டிக்கு வெளியே எடுத்து வைத்துக் காத்திருந்தாள். டொய்ங். 'ஹீட் லோ'. திரும்ப உள்ளே வைத்தாள். சத்தமே இல்லை. அதன் பிறகுதான் சோற்றில் கை வைத்தாள்.

மறுநாள் கடையில் போன் வாய் திறக்கவில்லை. சீனுவாசன் இரண்டு தடவை சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் மத்தியானம், ஒரு கல்யாண வீட்டுக்காரர்களுக்கு பில் போடும்போது ஒரே ஒரு சத்தம்.

டொய்ங்.

சித்ரா போனை எடுத்துப் பார்த்தாள். 'ஹீட் லோ'.

"குடும்மா போன" என்று சீனுவாசன் கையை நீட்டினார்.

"தர மாட்டேங்க சார். ஒரே நிமிசம்." முதன்முறையாக அவரை எதிர்த்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள். "ஏங்க, டயரக் கீழ போட்டுட்டு ஜல்தியா உள்ள ஓடுங்க. பல்பு போயிருக்கும். புதுசு அலமாரில கீது."

"கஸ்டமரு நிக்கிறாங்க..."

"ஓடுங்கன்றேன்!"

அவள் போட்ட சத்தத்தில் கல்யாண வீட்டுக்காரர்களே பின்வாங்கினார்கள். போனில் செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு அவன் முனகல். "ஆமா, ஒண்ணு அவுட்டு. மாத்திட்டேன்."

அவள் மூச்சு விட்டாள். போனை வைக்கப் போனாள்.

"சித்ரா, இரு, வச்சுடாத." அவன் குரல் திடீரென்று தாழ்ந்தது. "ஒண்ணு ஓட்ட ஒடச்சிக்கினு மூக்க நீட்டுது. இன்னொண்ணும் கொத்துது. கத்துது பாரு, கேக்குதா?"

கேட்டது. சீனுவாசனுக்கும் கேட்டிருக்க வேண்டும். நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்.

"கேக்குதுங்க" என்றாள். கண்ணீர் பில்லின் மேல் விழுந்தது. "நீங்க கடையப் பாருங்க. மெயிலு வந்தா நான் கூப்புட்றேன்."

"கடையா?" என்றான் செல்வகுமார். "ஷட்டர எறக்கிட்டு வந்துட்றேன். நீ வர்ற வரிக்கும் இங்கியேதான் ஒக்காந்துக்கினு இருப்பேன்."