பூசை போட்ட சக்கரம்

ஆயுத பூசைக்கு முந்தின நாள், பேளுக்குறிச்சி லாரிக் கொட்டகையில் பொங்கியண்ணனின் கை இரண்டும் முழங்கை வரைக்கும் சிவந்து கிடந்தன. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, லாரிகள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை கக்கியபடி ஓடின. நல்ல பெயிண்டும் கடையில் கிடைக்கவில்லை. அதற்காக விட்டுவிடுகிற ஆளா பொங்கியண்ணன்? காவியையும் எண்ணெயையும் கூழ் பதத்துக்குக் குழைத்து, சக்கரங்களைக் கழற்றித் தரையில் போட்டு, நார்க் கட்டையால் அப்பு அப்பென்று அப்பினான். சக்கரத்தின் முன்பக்கம், பின்பக்கம், நட்டு உட்காரும் துளைகளின் வாய், எதையும் விட்டுவைக்கவில்லை.

"ஏன் மாப்ளே, கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தனை நலங்கு வெக்கமாட்டாங்களே!" என்று சிரித்தான் குப்புசாமி. அப்பாசாமி முதலாளியின் இரண்டு லாரிகளில் ஒன்றைப் பொங்கியண்ணனும் மற்றொன்றைக் குப்புசாமியும் ஓட்டினார்கள்.

"உன்ற வண்டியைப் பாரு, எழவு ஊட்டுக்குப் போறாப்புல நிக்குது. சக்கரத்தைக் கழட்டிக் கொண்டா. அதுக்கும் ரெண்டு கை பூசி உடறேன்."

பூசியும் விட்டான். பூச்சு முழுசாகக் காயவில்லை. பரவாயில்லை என்று சக்கரங்களை மாட்டி நட்டுகளை முடுக்கினார்கள். இரும்போடு இரும்பு ஒட்ட வேண்டிய இடத்தில் நடுவே காவிப் பூச்சு ஒரு தோலைப் போல இருந்தது. வண்டி ஓட ஓட அந்தப் பூச்சு நசுங்கும். நசுங்கினால் நட்டு தளரும். இது பொங்கியண்ணனுக்குத் தெரியாத சங்கதி இல்லை. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, மறுபடி ஒருமுறை முடுக்க வேண்டும் என்பது டிரைவர் வேலை பழகின காலத்திலேயே அவன் காதில் ஏறியிருந்தது. தெரிந்தும் செய்யாததுதான் இந்தக் கதை.

பூசைக்கு மறுநாள் சந்தை. விடிந்ததும் சூடம் காட்டி, சக்கரத்துக்குக் குங்குமம் வைத்து, அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியைக் கிளப்பினான். கொட்டகை வாசலில் கைகட்டி நின்ற அப்பாசாமி முதலாளி எச்சரித்தார்.

"பொங்கியண்ணா, பழம் நசுக்குன வண்டி. மலையடிவாரம் போயி வாழைத்தார் ஏத்தறதுக்குத்தான் நிக்கோணும். பொறவு நேரா சந்தைதான். நடுவுல நிறுத்திப் போடாதே. வருசம் பூரா நின்னு நின்னு போவும்."

"தெரியாதுங்களா? நிறுத்தமாட்டனுங்க."

அடிவாரத்தில் தார்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, முன்பக்கத்து இடது சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கிளுக், கிளுக். யாரோ வாயில் பாக்கை உருட்டுகிற மாதிரி மெல்லிய சத்தம். பொங்கியண்ணன் அதைக் கேட்டான். கால் தானாக பிரேக்கின் மேல் போனது. ஆனால் பழம் நசுக்கின வண்டி. அதுவும் போக, நிறுத்தினால் கரி அடுப்பு அடங்கிவிடும். மறுபடி விசிறி சுற்றிக் கிளப்ப வேண்டும். 'சந்தை மேடு வந்தா ஆச்சு, அங்க போயிப் பாத்துக்கலாம்' என்று காலை எடுத்துவிட்டான்.

பாதையோரத்தில் மலைக்காரர்கள் சந்தைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். தலையில் மூட்டையும் வாழைத்தாரும் தேன் குடுவையுமாக, ஒருவர் பின் ஒருவராக, ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்த பழக்கத்தில் அப்படியே வண்டிப் பாதையிலும் வரிசையாக நடந்தார்கள்.

திடீரென்று லாரிக்கு முன்னால் ஒரு சக்கரம் உருண்டு ஓடியது. சிவப்பாக, குங்குமப் பொட்டோடு, அழகாக ஓடியது. ஒரு கணம் பொங்கியண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. 'யாரு வண்டிச் சக்கரம் இது?' என்றுதான் நினைத்தான். அடுத்த கணம் லாரி இடது பக்கம் குப்புறச் சரிந்து மண்ணைக் கிழித்துக்கொண்டு நின்றது. சக்கரம் நிற்கவில்லை. அது வரிசையில் கடைசியாகப் போய்க்கொண்டிருந்த கண்ணாயி என்ற மலைக்காரப் பெண்ணைப் பின்னாலிருந்து அடித்துத் தள்ளி, அவள் கால் மேல் ஏறி, அப்பால் போய் வேலியில் சாய்ந்தது. அவள் தலையிலிருந்த மூட்டை அவிழ்ந்து புதுச் சாமை பாதையெல்லாம் கொட்டியது.

கண்ணாயியின் அலறலில் எல்லோரும் ஓடினார்கள். பொங்கியண்ணனும் இறங்கி ஓடினான். வழியில் காலில் இடறிய ஒரு நட்டைக் குனிந்து எடுத்தான். அதன் உள்வாயில் நசுங்கின காவி வளையமாக ஒட்டியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். அதை மடியில் முடிந்துகொண்டான்.

"என்னாச்சுப்பா?" என்று கூட்டம் கேட்டது.

"போல்ட்டு முறிஞ்சு போச்சுங்க" என்றான். பொய் எத்தனை சுலபமாக வந்தது!

கண்ணாயியின் புருசன் சென்றாயன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டிக் கிடந்த சாமையையே வெறித்துப் பார்த்தான். பிறகு பொங்கியண்ணனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"உங்க மேல ஒண்ணுமில்லீங்க. புதுச் சாமையை எங்க மலைச்சாமி பெரியசாமிக்குப் படைக்காம, விக்கறதுக்குக் கீழ எறக்கிப் போட்டோம். ஊட்டுல உப்புக்கல்லு இல்லீங்க. அதான் அவசரப்பட்டுட்டோம். சாமி கேட்டுருச்சு."

பேசாமல் இருப்பது அப்போது பொங்கியண்ணனுக்கு வசதியாக இருந்தது. கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி, கண்ணாயியை அதில் கிடத்தி, மலைக்காரர்கள் திரும்பிப் போனார்கள்.

அன்றிலிருந்து பொங்கியண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டகைப் பக்கமும் போகவில்லை. அவன் மனைவி பழனாயி கேட்டுக் கேட்டுச் சலித்தாள். "முறிஞ்சது போல்ட்டு. உங்களுக்கு எங்க முறிஞ்சுது? தட்டுல கையை வெச்சுட்டு மலையவே பாத்துட்டிருந்தா எப்படீங்க?" அவன் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். நட்டு அங்கேயேதான் இருந்தது.

அடுத்த சந்தைக்கு முந்தின நாள், அரிசியும் தேங்காயெண்ணெயும் கொஞ்சம் உப்பும் கட்டிக்கொண்டு மலை ஏறினான். மலைமேல் எடப்புளி நாடு என்ற பகுதியில் சென்றாயனின் குடிசையைக் கண்டுபிடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. காலில் மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, கண்ணாயி கட்டிலில் கிடந்தாள். கட்டுக்கு மேலே தொடை வீங்கி மினுமினுத்தது. அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வாங்க. என்னாலதான உங்க வண்டிக்குச் சேதமாச்சு? மொதலாளி வைதாருங்களா?"

பொங்கியண்ணன் மூட்டையை அவிழ்த்தான். உப்புப் பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்தான். அதற்குள் பக்கத்துக் குடிசைப் பாப்பாத்தி வாசலில் வந்து நின்றாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

"இந்த ஊட்டுக்காரங்களுக்குச் சந்தைக்கு அவசரம். இவங்க குத்தத்தைத் தீத்துப் படைக்கற வரைக்கும் ஊருல ஒருத்தரும் புதுச் சாமை வாயில வெக்கப்படாதாம். எம்பட புள்ளைங்க கெழங்கைத் தின்னு தின்னு வயித்தைப் புடிச்சுட்டுக் கெடக்குதுங்க. கால் போனது இவளுக்கு, பட்டினி எங்களுக்கு."

சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணாயி சுவரைப் பார்த்தபடி, "மன்னிச்சுக்க பாப்பாத்தி" என்றாள். அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ, அந்த வார்த்தை பழகித் தேய்ந்த குரலில் வந்தது.

எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது பொங்கியண்ணனுக்கு. ஓடித்தான் இருப்பான். ஆனால் சென்றாயன் அடுத்து ஒன்று சொன்னான்.

"நாளைக்கு இவளைச் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறமுங்க. உங்க மொதலாளி நல்ல மனுசன். குப்புசாமி வண்டியில ஏத்திட்டு வாங்கன்னு ஆள் உட்டிருக்காரு. கரி அடுப்பு ஓட்டையாகி, பூசையிலிருந்து சும்மா நின்னுச்சாம். இப்பச் சரி பண்ணியாச்சாம். பூசை போட்ட வண்டி, மொத சவாரி இவளுக்குத்தான்."

பொங்கியண்ணனின் கண்ணுக்குள் அந்தச் சிவப்புச் சக்கரங்கள் வந்தன. அவன் கையால் பூசியவை. அவன் கையால் முடுக்கியவை. பூசையிலிருந்து ஒரு மைல்கூட ஓடாதவை. குப்புசாமி பழம் நசுக்குவான். நடுவில் நிறுத்தமாட்டான். கிளுக், கிளுக் என்று கேட்டாலும் நிறுத்தமாட்டான்.

மடியை அவிழ்த்து நட்டை எடுத்தான். கட்டிலின் மேல், கண்ணாயியின் கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"போல்ட்டு முறியலீங்க. நான் பொய் சொன்னேன். சக்கரத்துக்குக் காவி பூசி, காயறதுக்குள்ள மாட்டுனது நான். பூச்சு நசுங்கி நட்டு தளந்து போச்சு. கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, மறுக்கா முடுக்கியிருக்கோணும். தெரியுமுங்க, தெரிஞ்சும் செய்யல. சத்தம்கூடக் கேட்டுச்சு. பழம் நசுக்குன வண்டின்னு நிறுத்தாம வந்துட்டேன். சாமி ஒண்ணும் பண்ணலீங்க. நீங்களும் ஒண்ணும் பண்ணல."

பாப்பாத்தியின் இடுப்பிலிருந்த குடம் தளும்பி அவள் சேலையை நனைத்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

சென்றாயன் நட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இத்தனூண்டுங்களா?" என்றான். பிறகு அவன் குரல் மாறியது. "இத்தனை நாளா இவ ராவும் பகலும் பெரியசாமிகிட்ட அழுதுட்டுக் கெடக்கறா. ஊரே எங்களைப் பாத்து மூஞ்சியைத் திருப்புச்சு. நீங்க இதை மடியில கட்டிட்டு ஊட்டுல ஒக்காந்துட்டு இருந்தீங்களா? பழியைத் தூக்கிச் சாமி தலையில போடறதுக்கு உங்களுக்கு எப்படீங்க மனசு வந்துச்சு?"

பொங்கியண்ணன் அடி விழும் என்று எதிர்பார்த்தான். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சென்றாயன் அடிக்கவில்லை. கண்ணாயிதான் பேசினாள்.

"ஏனுங்க, நிறுத்தி முடுக்கியிருந்தா எத்தனை நேரம் ஆயிருக்கும்?"

அவன் தலை நிமிராமல் சொன்னான். "ஒரு வெத்தலை போடற நேரமுங்க."

கண்ணாயி தப்பை கட்டிய காலை ஒரு முறை பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை கம்பளித் தொட்டில் கட்டிய மூங்கிலின் முன்முனையைப் பொங்கியண்ணன் தன் தோளில் வாங்கிக்கொண்டான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. வழுக்குப் பாறைகளில் இறங்கும்போது தொட்டில் ஆடினால் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அடிவாரம் வரும்வரைக்கும் அவன் தோள் மாற்றவில்லை.

அங்கே குப்புசாமி காலி வண்டியை மெல்ல ஓட்டி வந்து நிறுத்தி, சவாரி கிளம்பும்போது நசுக்கவென்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துத் தயாராக இருந்தான். பக்கத்தில் அப்பாசாமி முதலாளி. பொங்கியண்ணன் போனதும் போகாததுமாகப் பழத்தைச் சக்கரத்தடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தான். ஜாக்கியைக் கேட்டான்.

"என்றா பண்றே? பூசை போட்ட வண்டிடா அது!" என்று பதறினார் முதலாளி.

"பூசையைக் குத்தம் சொல்லலீங்க. பூசைக்குன்னு பூசிப்போட்டு, நட்டைத் திரும்பிப் பாக்காம உட்டனே, அதானுங்க குத்தம்." நடந்ததை முதலாளியிடமும் ஒளிக்காமல் சொன்னான். அவர் முகம் இருண்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, இரும்போடு இரும்பு ஒட்டும் இடத்திலெல்லாம் காவியைச் சுரண்டித் துடைத்தான். நட்டுகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக மாற்றி மாற்றி முடுக்கினான். பிறகு வைக்கோல் பரப்பிக் கண்ணாயியை ஏற்றினார்கள். சென்றாயன் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டான். பொங்கியண்ணன் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி குப்புசாமியின் பக்கத்தில் ஏறினான்.

பேளுக்குறிச்சி தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், "நிறுத்து மாப்ளே" என்றான்.

"நடுவழியிலயா? அடுப்பு அடங்கிருமே!"

"அடங்கட்டும். நிறுத்து."

இறங்கி ஒவ்வொரு நட்டாகப் பிடித்துப் பார்த்தான். இத்தனை சுரண்டித் துடைத்து முடுக்கிய பிறகும், முன்பக்கத்தில் ஒரு நட்டு ஸ்பேனருக்குக் கொஞ்சம் இடம் கொடுத்துத் திரும்பியது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த குப்புசாமி அந்த நட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"ஏன் மாப்ளே, பூசைக்கு முடுக்குனபடியே வந்திருந்தா..."

"அதைத்தான் மாப்ளே சொல்றேன். வண்டியை நாம நிறுத்திப் பாக்கோணும். நாம நிறுத்தலைன்னா அது தானா நிக்கும். அப்ப யாரு கால் மேல ஏறிட்டு நிக்கும்னு யாருக்கும் தெரியாது. நட்டை முடுக்காதது ஒரு குத்தம். அது தளந்ததுக்குச் சாமியையும் விதியையும் காட்டிப்போட்டுப் பேசாம இருந்தது அதைவிடப் பெரிய குத்தம். ரெண்டையும் நான் பண்ணிப்போட்டேன். நீ ஒண்ணைக்கூடப் பண்ணிராதே."

குப்புசாமி கரி அடுப்பின் விசிறியைச் சுற்றினான். புகை வந்து, எஞ்சின் இருமிக் கிளம்பியது. பொங்கியண்ணன் ஏறப் போகும்போது மேலேயிருந்து கண்ணாயியின் குரல் கேட்டது. நேற்றுச் சுவர்ப் பக்கம் திரும்பினதற்கு அப்புறம் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஏனுங்க, இன்னும் கொஞ்ச தூரம் போயி இன்னொருக்கா நிறுத்திப் பாருங்க."

"உங்களுக்கு வலிக்குமேங்க. ஆஸ்பத்திரிக்கு நேரமாகுமே."

"அவசரந்தானுங்க" என்றாள் அவள். "இருந்தாலும் நிறுத்துங்க. பாதையில எங்காட்டம் ஆளுங்க நடந்து போறாங்க."