பாதி லோடு

தகரத் தட்டின் ஒரு முனையை அக்பர் அலியும் மறுமுனையைச் சாய்குமாரும் பிடித்து, நிலையில் இடிக்காமல் கூடத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். காலையில் இரவல் வாங்கிய தட்டு ஒழுகி, ஐஸ் தண்ணீர் வீடு பூராவும் ஓடியிருந்தது. எஸ்டீடி பூத்திலிருந்து போன் போட்டாயிற்று. டெல்லியிலிருந்து தங்கச்சி மேக்னா வந்து சேர நாளை மதியமாகும். அதுவரை அப்பாவின் உடலை ஐஸில் வைத்திருந்தாக வேண்டும்.

டேங்கர் லாரிக்குத் தொட்டி கட்டுவதில் பீளமேட்டிலேயே பேர்போன சீனிவாசலுவுக்குக் கடைசியில் ஒழுகுகிற தட்டா என்று அக்பர் அலிக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் அவரிடம் வெல்டிங் அடித்த கை. பட்டறையைத் திறந்து, மதியத்துக்குள் புதிதாக ஒன்றைப் பற்றவைத்துவிட்டார்.

"நடுவுல என்னங்க இது, ஓட்டை போட்ட தகடு?" என்றாள் பக்கத்து வீட்டுக் கனகம்.

அக்பர் அலி குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது போலும். "தடுப்புத் தகடும்மா. பிரேக் போட்டா உள்ளார ஆயிலு மொத்தமா வந்து மோதுமில்லீங்க, அதை ஒடைக்கறதுக்கு வெப்போம். பழக்கதோசம். கை தன்னால வெச்சுப்போட்டுதுங்க."

"இருந்துட்டுப் போவட்டும்," என்றாள் அம்மா பத்மாவதி. "அவரு பாத்தா சந்தோசப்படுவாரு."

அக்பர் அலி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். சாய்குமாருக்கு மட்டும் அழுகை வரவில்லை. வந்ததெல்லாம் கோபம்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் போவாரா ஒரு மனுஷன்!

சின்ன வயதில் அப்பா அவனை லாம்பிரட்டா ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு அவிநாசி ரோட்டில் போவார். தூரத்தில் ஒரு டேங்கர் தலைகாட்டினால் போதும், "கண்ணு, அது நம்முளது" என்பார். தொட்டியின் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவார். இவன் கையாட்டுவான். டிரைவரும் ஹாரன் அடித்துவிட்டுப் போவார். ஊரே நம்முடையது என்று நினைத்துக்கொண்டு திரிந்த காலம் அது.

இன்ஜினியரிங் முடித்து வந்து இவன் வரைந்த முதல் தொட்டியில்தான் வினை பிடித்தது. உயரத்தைக் குறைத்து, அகலத்தைக் கூட்டி, அடிச்சட்டத்தையும் இலேசாக்கி, அதே லாரியில் இரண்டாயிரம் லிட்டர் கூடுதலாக ஏற்றலாம் என்று காட்டினான்.

"தடுப்பைக் கொறைச்சுத்தான கூட்டுன?"

"ஒண்ணுகூடக் கொறைக்கலீங்கப்பா. முன்னைக்கு இன்னுங் கெட்டியா நிக்கும், கவுறாது. கணக்கைப் பாருங்க."

"ஆயிலு உன்ற கணக்கைப் படிச்சுப்போட்டா வந்து மோதும்?"

அவ்வளவுதான். இவன் துடியலூரில் தனியாகப் பட்டறை போட்டான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் அப்பா மழையைப் பேசுவார், விலைவாசியைப் பேசுவார், தொட்டியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டார். ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தாரா? பார்ப்பார், பார்ப்பார் என்று காத்திருந்ததுதான் மிச்சம். நான் கட்டினது சரியா தப்பா என்று இனி யாரிடம் போய்க் கேட்பது?

சாயங்காலம் தெருமுனையில் ஒரு டேங்கர் வந்து நின்றது. இவன் கட்டிய வண்டி. டிரைவர் வெங்கடபதி மாலையோடு இறங்கி வந்து, போட்டுக் கும்பிட்டுவிட்டு, வாசலில் இவன் பக்கத்தில் நின்றார்.

"தை மாசங்கூட ஐயா இந்த வண்டியில வந்தாருங்க தம்பி."

"இதுலயா?"

"ஆமாங்க. உங்க பட்டறைக்கு எதுக்கால டீக்கடையில நிறுத்தியிருந்தேன். 'கோத்தகிரி வரைக்கும் வாரேன்'னு ஏறி உக்காந்துட்டாரு. மேட்டுப்பாளையத்துல பாதியை எறக்கிட்டு மலையேறினோம். பாதி லோடுதான் பொல்லாதது, உங்களுக்குத் தெரியாததுங்களா? உள்ளார எடம் இருக்குதில்லீங்க, வளைவுக்கு வளைவு ஆயிலு புரண்டு வந்து தள்ளும்."

சாய்குமார் அவர் பக்கம் திரும்பினான். "என்ன சொன்னாருங்க?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்களே."

"குத்தங்கூடவா சொல்லலை?"

வெங்கடபதி தலையைச் சொறிந்தார். "எங்கீங்க சொல்றது? மூணு வளைவு தாண்டறதுக்குள்ள தூங்கிப்போட்டாருங்க. அவரு கட்டுன வண்டியிலயே எத்தனையோ தடவை கூட வந்திருக்கறாரு. ஒரு நாளும் கண்ணசந்ததில்லை, பின்னால ஆயிலு மோதற சத்தத்துலயே காதை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அன்னைக்கு என்னமோ, கொறட்டை விட்டுத் தூங்குனாருங்க. கோத்தகிரியில நாந்தான் எழுப்பி எறக்குனேன்."

சாய்குமார் கூடத்துக்குள் போனான். ஐஸ் தட்டின்மேல் போட்ட பலகையில் அப்பா மல்லாந்து கிடந்தார். யாரோ சொந்தக்காரர் உட்கார இடம் தேடி, இரும்பு நாற்காலியைக் கரகரவென்று தரையில் இழுத்தார். அவன் ஓடிப்போய் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"சத்தம் வேண்டாமுங்க," என்றான்.