கார்த்திகாவுக்கும் கீர்த்தனாவுக்கும் நடுவில்

ஒன்பது இருபதுக்கு வருகைப்பதிவு எடுப்பார்கள். வேங்கிக்காலில் பள்ளிச் சுவரை ஒட்டியே வீடு. சமையலறையில் நின்றால் மூன்றாம் வகுப்பின் பெயர்கள் கேட்கும்.

"கார்த்திகா."

"பிரசன்ட் மிஸ்."

அடுத்து கீர்த்தனா. அதற்குள் கூடத்து ஜன்னலிலிருந்து கவியா சொன்னாள்: "பிரசன்ட் மிஸ்."

சீருடை போட்டிருந்தாள். பை மடியில் இருந்தது.

தமிழ்செல்வி மகளைத் திட்டவில்லை. வருகைப்பதிவிலிருந்து கவியாவின் பெயரை நீக்கச் சொன்னதே அவள்தான். கணவன் அருண்பிரசாத்துக்கு இங்கிலாந்தில் லெஸ்டரில் நர்ஸ் வேலை கிடைத்ததும், விசாவுக்குக்கூடக் காத்திராமல் முதலில் போய் டி.சி. வாங்கினாள். டி.சி. இல்லாமல் எந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பார்கள்?

"இதெல்லாம் இங்க யாரும் கேக்கல செல்வி," என்றான் அவன் போனில். "நீங்க வந்து இறங்குனாதான் கவர்மெண்ட் ஸ்கூலுக்கு எழுதியே போட முடியும். வீட்டாண்ட இருக்கறது ஃபுல்லாம். இந்த ஊர் கவுன்சில் எங்க இடம் குடுக்குதோ அங்கதான்."

"அதுவரைக்கும்?"

"விசா வந்துடும். இன்னிக்கோ நாளைக்கோ."

பழைய இடத்தையே திருப்பிக் கேட்கப் போனாள். பள்ளி அலுவலகத்தில் சிரித்தார்கள். "லண்டன் போறவங்களுக்கு இங்க என்னங்க வேலை? அந்த சீட்ல வேற பொண்ணு வந்தாச்சு."

அன்று சாயங்காலம் வகுப்பாசிரியை அன்புச்செல்வி வந்தாள். வாசலைத் தாண்டவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. கவியா வெளிநாடு போய்ட்டானு பசங்ககிட்ட சொல்லிட்டேன். டெய்லி குரல் வருதா, பயப்படுதுங்க. கீர்த்தனா தன் பேரைக் கூப்பிட்டாலே அழுவுறா."

"ஜன்னலைச் சாத்திடறேன் மிஸ்."

"நேத்து சாத்திதான் இருந்துச்சு. அப்பவும் கேட்டுச்சுங்க."

தமிழ்செல்வி திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"பக்கத்துல கவர்மெண்ட் ஸ்கூல் இருக்கே. எப்ப போனாலும் சேத்துப்பாங்க."

"விசா வந்துடும் மிஸ்."

உள்ளே கவியா ஆசிரியையைக் கண்டு எழுந்து நின்றாள். உட்காரச் சொல்வாள் என்று காத்திருந்தாள். அன்புச்செல்வி வாசலிலிருந்தே திரும்பிப் போய்விட்டாள்.

தமிழ்செல்வி மகளின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நாளையிலேருந்து நீ பதில் சொல்லக் கூடாது. உன் பேரு அங்க இல்ல."

"எந்த ஸ்கூல்ல இருக்கும்மா?"

தமிழ்செல்வி போய் ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் காலை குக்கரை இறக்கிவைத்துவிட்டு அசையாமல் நின்றாள்.

"கார்த்திகா."

"பிரசன்ட் மிஸ்."

சுவருக்கு அந்தப் பக்கம் அன்புச்செல்வி நிறுத்தினாள். வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள். பிறகுதான் கீர்த்தனாவின் பெயர் வந்தது.

கூடத்தில் சத்தமே இல்லை. பை நகரும் ஓசைகூட இல்லை.

"கவியா?"

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள்.

"கவியா, அம்மா கூப்புடறேன்ல?"