கசிவு தேடிய செவ்வாய்க்கிழமை

காலை எட்டரை மணிக்கு விப்கே கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தபோது திரையில் எண் அதே இடத்தில்தான் நின்றிருந்தது. மூன்று நாளாக அப்படித்தான். இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளிருந்து பம்புகள் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்தன. ஓரளவுக்கு இறங்கிய அழுத்தம் அதற்குமேல் இறங்க மறுத்தது. எங்கோ ஓர் ஓட்டை. மயிரிழையைவிட மெல்லியதாக இருக்கலாம். அது இருக்கும்வரை உள்ளே சூரியனைப்போல் எரிய வேண்டிய வாயு ஒரு நொடிகூட எரியாது.

ஜெர்மனியில் விஸ்மர் துறைமுகத்தை ஒட்டிய அந்த அணு இணைவு ஆய்வுக்கூடத்தில் பத்து மாதமாக மேம்பாட்டு வேலை. இயந்திரத்தின் உட்சுவரில் இருந்த பழைய கரித்தகடுகளைக் கழற்றிவிட்டு, முதுகில் தண்ணீர் ஓடும் புதுத் தகடுகளைப் பொருத்தினார்கள். அந்தத் தண்ணீர்க் குழாய்களை இணைத்தவள் விப்கே. இருபத்தாறு வருடம் கப்பல்களுக்கு வெல்டிங் செய்தவள். கப்பல் தளத்தை மூடியபிறகு இங்கே வந்து சேர்ந்தாள். உள்ளே போகும் வழி ஓர் அடுப்பின் வாயளவுதான். அவளும் சின்ன உடம்புக்காரி. மல்லாந்து படுத்து, கை எட்டும் இடத்துக்குக் கண் எட்டாமல், கண்ணாடித் துண்டில் பார்த்துப் பார்த்து அவள் போட்ட வெல்டுகள் முந்நூற்று நாற்பது.

"உள்ள ஈரம் அதிகமா காட்டுது," என்றார் டாக்டர் தீமெ. இயந்திரத்துக்குப் பொறுப்பான பெண்மணி, நின்றபடியே காபி குடிப்பவர். "தண்ணிக் குழாயாத்தான் இருக்கும்னு படுது. அப்படின்னா மறுபடி தொறக்கணும். அஞ்சு மாசம் போச்சு."

யாரும் விப்கேயைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் பட்ட பாடுதான் அவளைச் சுட்டது. குழாய்கள் பன்னிரண்டு சுற்றுகள். ஒவ்வொன்றிலும் தண்ணீரை வடித்து, உலர்த்தி, ஹீலியத்தை நிரப்ப வேண்டும். அது இயந்திரத்துக்குள் கசிந்தால், ஹீலியத்தை மோப்பம் பிடிக்கும் கருவி கூவும்.

பிப்ரவரியில் ஒரு மதியம் அவளுக்கு நினைவில் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலும் இருக்கலாம், கருவி சொல்லட்டுமே. ஆனால் ஐந்து மாதம் என்ற சொல் காதில் விழுந்தபிறகு வாய் தானாகத் திறந்தது.

"ஏழாவது சுத்துல ஆரம்பிங்க."

"ஏன் ஏழு?"

"பத்தொம்பதாவது இணைப்பு. பாதியில என் கை இழுத்துக்கிச்சு. ஒரு நிமிஷம் நிறுத்திட்டு மறுபடி போட்டேன். சோதனையில பாஸாச்சு. அதனால எழுதி வைக்கல."

தீமெ காபிக் குவளையை வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, அவள் சொன்னதை அப்படியே எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கசிவு தேடுபவனான ஹென்னிங்தான் தொண்டையைக் கனைத்தான். "புண்ணியமா போச்சு. இல்லன்னா ஒண்ணுல தொடங்கி ஏழுக்கு வர்றதுக்குள்ள என் மீன் பன் ஊசிப்போயிருக்கும்."

ஏழாவது சுற்றில் ஹீலியம் ஏறியது. கருவி சொட்டுச் சொட்டாக டிக், டிக் என்றது. ஐந்து நிமிடம். விப்கே தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம். ஹென்னிங் அழுத்தத்தைக் கூட்டினான். டிக், டிக். இன்னும் கூட்டினான்.

"அசையல," என்றான். பிறகு சத்தமாக, "விப்கே, அசையவே இல்லடி! உன் வெல்டு கல்லு மாதிரி நிக்குது!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மணிக்குள் மற்ற பதினொன்றும் தேறிவிட்டன. அதன் பொருள் அங்கிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது: ஓட்டை வெளிப்பக்கம். பத்து மாதம் திறந்து கிடந்த சுவர் குடித்த ஈரத்தைத்தான் கருவி காட்டிக்கொண்டிருந்தது. வெளி ஓட்டை என்றால் திறக்கவே வேண்டாம். கண்டுபிடித்தால் போதும்.

ஹீலியம் மேலே ஏறும். அதனால் உச்சியிலிருந்து தேடினார்கள். இந்த முறை வெளியே ஊதும் ஹீலியம் ஓட்டை வழியாக உள்ளே போனால் கருவி கூவும். ஹென்னிங் ஊசிமுனைக் குழாயோடு ஏணியில் முன்னே, விப்கே ஹீலியம் ஓடும் நீளக் குழாயைத் தாங்கிப் பின்னே. கீழே தீமெ வாக்கிடாக்கியில் எண்களைப் படித்தார். இயந்திரத்துக்குள் பார்ப்பதற்கான கண்ணாடிச் சன்னல்கள் மட்டும் நாற்பது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு மெல்லிய ஊதல், ஒரு காத்திருப்பு. பத்து. பதினைந்து. இருபத்தொன்று.

இருபத்திரண்டில் வாக்கிடாக்கிக்குள்ளிருந்து கருவியின் ஊளை கேட்டது.

"எகிறுது! எகிறுது!" தீமெ கத்தினார். "அங்கயே இருங்க, நகராதீங்க! எது அது?"

ஹென்னிங் எண்ணைப் பார்த்தான். விப்கேயைப் பார்த்தான். "டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. இது நீங்க பூட்டின சன்னல்."

கடைசியாக மிஞ்சிய சன்னலைத் தலைவியே பூட்டட்டும் என்று, பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க, தீமெ பூட்டிய சன்னல் அது. கீழே அவர் வயிறு குலுங்கச் சிரிக்கும் சத்தம் இரண்டு பேருக்கும் வாக்கிடாக்கி இல்லாமலே கேட்டது. "நானே வந்து முடுக்கறேன்!"

"வேண்டாம் தாயே," என்றாள் விப்கே. "கேமராவப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே முடுக்கினது போதும். ஸ்பேனர மட்டும் அனுப்புங்க."

எதிரெதிர் போல்டுகளாக, ஒவ்வொன்றும் கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்கினாள். மூன்றாவது முறை சுற்றி வரும்போது ஊளை இறங்கியது. ஐந்தாவது முறை டிக், டிக். கீழே யாரோ அழுத்தத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தார்கள். மூன்று நாளாக உறைந்திருந்த எண் இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. ஒவ்வோர் எண்ணுக்கும் மேசைகளைத் தட்டினார்கள்.

அவள் இறங்கி வந்ததும் தீமெ பதிவேட்டைக் காட்டினார். "காலையில எழுதினத அடிச்சிடவா?"

விப்கே கொஞ்சம் யோசித்தாள். "இருக்கட்டும். நடந்தது தானே. கீழ உங்க சன்னலையும் எழுதிக்குங்க."

"எழுதிட்டேன்," என்றார் தீமெ.

நாலரை மணிக்குச் சுற்றுகளில் மறுபடி தண்ணீர் விடத் தயாரானார்கள். விப்கே மட்டும் கூடத்துக்குப் போய், ஏழாம் எண் எழுதிய குழாய் இயந்திரத்துக்குள் நுழையும் இடத்தில் குந்தினாள். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்தாள். வெறும் உலோகம். எங்கோ தூரத்தில் ஒரு வால்வு திறந்தது. குழாய் சிலிர்த்தது, குளிர் அவள் விரல்களுக்கு அடியில் ஊர்ந்து, அவளால் பார்க்க முடியாத அந்த வளைவுகளை நோக்கி உள்ளே போனது. அவள் காதை வைத்துக் கேட்டாள்.