வாசகரை நம்பச் சொன்னார்கள்

அலிஸ்டரின் எழுத்துப் பட்டறையில் எழுதப்பட்ட கதைகளில் யாருக்கும் எந்த உணர்ச்சியும் வராது. கை நடுங்கும். தேநீர் ஆறிப்போகும். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள், அங்கே மழை பெய்துகொண்டிருக்கும். 'அவளுக்குக் கோபம் வந்தது' என்று ஒருத்தி எழுதிவிட்டால் போதும், அலிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சொல்லாதே, காட்டு" என்பார். எங்கள் தீவின் தலைநகரான ஹோபார்ட்டில் அந்தக் குளிர்காலம் முழுக்க இப்படி எத்தனை கோப்பைத் தேநீரை ஆறவிட்டோமோ தெரியாது.

தினமும் விடியற்காலையில் எழுந்து எழுது என்பது இன்னொரு உபதேசம். அந்த நேரத்தில் நான் பேக்கரியில் ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். விடியற்காலை என்பது இவர்களுக்குத் தியானம், எனக்கு ஷிப்ட்.

முதல் வகுப்புக்கு நான் கொண்டுபோனது விவாகரத்தான ஒரு கண் மருத்துவரைப் பற்றிய கதை. அலிஸ்டர் இரண்டு பக்கம் படித்துவிட்டு வைத்துவிட்டார்.

"டீகன், உனக்கு எதுக்கும்மா டாக்டரு? உனக்குத் தெரிஞ்சதை எழுது. அறிமுகத்துல சொன்னியே, உங்க ஊரு, அந்தத் தொழிற்சாலை, அந்த எண்ணெய் நாத்தம். அதெல்லாம் தங்கம்."

அதே வகுப்பில் ஃபெர்கஸ், அப்பா பெரிய வக்கீல், பொலிவியாவில் ஒரு சுரங்கத் தொழிலாளியைப் பற்றி எழுதிக்கொண்டுவந்தான். சுரங்கம் உனக்குத் தெரியுமா என்று அவனை யாரும் கேட்கவில்லை. அவனுடையது கற்பனை வளமாம். தெரிந்ததை எழுது என்பது எங்களைப் போன்றவர்களைச் சுற்றி மட்டும் போடுகிற வேலி.

சரி, தெரிந்ததை எழுதினேன். எனக்கு என்ன தெரியும்? வடமேற்குக் கரையில் எங்கள் ஊரில், உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையில், என் அம்மா ரேலீன் இரண்டு விரல்களை இழந்தாள். கிழங்கு நறுக்கும் கத்திக்கு மேலே ஒரு இரும்பு மூடி இருக்க வேண்டும். மூடி இருந்தால் கிழங்கு அடிக்கடி சிக்கும், இயந்திரத்தை நிறுத்தி எடுக்க வேண்டும். நேரம் வீணாகிறது என்று மூடியைக் கழற்றச் சொன்னவன் சூப்பர்வைசர் வார்விக். விரல் போன பிறகு, ரேலீன் குடித்துவிட்டு வந்தாள் என்று ஊரில் கிளப்பிவிட்டவனும் அவன்தான். ஊர் நம்பியது. இன்றுவரை நம்புகிறது.

பட்டறையின் முடிவில் ஒரு தொகுப்பு வரும், தீவிலுள்ள எல்லா நூலகங்களுக்கும் போகும், எங்கள் ஊர் நூலகத்துக்கும். அதில் என் கதை வந்துவிட வேண்டும், ஊர் அதைப் படித்தாக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வார்விக்கின் பெயரை மட்டும் மாற்றினேன். 'மூடியைக் கழற்றச் சொன்னது அவன்தான், என்ன ஆகும் என்று தெரிந்தே சொன்னான்' என்று நேராக எழுதினேன்.

அலிஸ்டர் அந்த வாக்கியத்தின் கீழே கோடு போட்டார்.

"இது வேணாம். இது கதை இல்ல, குற்றப்பத்திரிகை. வாசகரை நம்பு டீகன். அவங்களே புரிஞ்சுப்பாங்க."

தொகுப்புக்குக் கதை தேர்ந்தெடுப்பவர் அவர்தான். வெட்டித்தான் பார்ப்போமே என்று வெட்டினேன். அடுத்த வாரம் அந்த வடிவத்தை வகுப்பில் எல்லோரும் படித்தார்கள். கதை பேசப்படும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே உட்கார்ந்திருந்தேன்.

"அந்த அம்மாவோட சோகமே தனக்குத் தானே செஞ்சுக்கிட்டதுதான்," என்றான் ஃபெர்கஸ். "கவனக்குறைவு. அதை எவ்ளோ மென்மையா சொல்லியிருக்காங்க!"

"எனக்கென்னவோ அவ குடிச்சிருந்தான்னு தோணுச்சு," என்றாள் இமொஜன். நூலகத்தில் வேலை பார்ப்பவள், வகுப்பில் அதிகம் பேசாதவள். "சமையலறைல ஒரு பீர் டின் இருக்கே."

அது மாமாவின் பீர் டின். காட்டு காட்டு என்றார்களே என்று காட்டியிருந்தேன்.

"அவ குடிக்கல," என்றேன்.

அலிஸ்டர் கையைத் தூக்கினார். "டீகன், விதி."

"விதியைத் தூக்கிக் குப்பைல போடுங்க. எங்க ஊர்ல அவளைப் பத்தி என்ன பொய் சொன்னாங்களோ, அதையேதான் இவங்களும் சொல்றாங்க. ஊருக்காவது அந்த சூப்பர்வைசர் வார்விக் வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு. இவங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன்."

"ஆனா பாரு, ரெண்டு விதமா வாசிக்க முடியுதுன்னா அது வெற்றிதானே?"

"ஆமா. வார்விக்குக்கு."

யாரோ சிரித்தார்கள். அலிஸ்டர் சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தோடு வந்தால் அது பிரசாரம், பிரசாரத்தைத் தொகுப்பில் சேர்க்க முடியாது, முடிவை நீயே எடு என்றார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார். எடுத்தேன். காகிதங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு இமொஜன் ஓடி வந்தாள்.

"ஏய், நில்லு. எதை வெட்டச் சொன்னாரு?"

சொன்னேன்.

"அது எந்தப் பக்கத்துல இருந்துச்சு?"

"நாலாவது."

"நாலாவதுலயா? அதுக்குள்ள நான் அவளைக் குடிகாரின்னு முடிவு பண்ணியிருப்பேனே! முதல் வரியாப் போடு. அப்புறம் யாரு பீர் டின்னைப் பாப்பா?"

"இது எந்தப் புஸ்தகத்துல இருக்கற விதி?"

"விதியும் இல்ல, மண்ணும் இல்ல. உன் கதையைப் படிச்சு ஏமாந்தவ நான். எங்க ஏமாந்தேன்னு எனக்குத் தெரியாதா?"

எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அவள் சொன்னது சரி. அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அதுதான். அது என் கதைக்கு மட்டும்தான் பொருந்தும். ஃபெர்கஸின் சுரங்கத்துக்கு அதைச் சொன்னால் சுரங்கம் இடிந்துவிழும்.

'அவன்' இருந்த இடத்தில் கதையிலுள்ள பெயரைப் போட்டு, வாக்கியத்தை முதல் வரியாக்கிவிட்டு அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"புஸ்தகத்துல என் கதை வராதும்மா."

"அடிப் பாவி! க்ளப்புல எல்லார்கிட்டயும் சொல்லிவச்சிருக்கேனேடி. பக்கத்து வீட்டு ஷரானுக்கு வயிறெரிஞ்சுது தெரியுமா?"

"இப்போ படிக்கட்டுமா?"

படித்தேன். முதல் வரி முடிந்ததும் அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"அது யாருடி கிரஹாம்?" என்றாள் கடைசியில்.

"வார்விக்தான். பேரை மாத்தியிருக்கேன்."

"என் விரல் மட்டும் நிஜம், அவன் பேரு பொய்யா?"

"கேஸ் போடுவான்மா."

"போடட்டுமே. அப்பவாவது எவனாவது அந்த மூடி எங்க போச்சுன்னு அவனை நிக்கவச்சுக் கேப்பான்ல? நீ நகல் எடுத்து அனுப்பு. க்ளப்புல வைக்கிறேன், பேங்க் வாசல்ல வைக்கிறேன், அவன் முடி வெட்டிக்கற கடைல கண்ணாடிக்குக் கீழயே வைக்கிறேன்."

"யாரும் படிக்கலன்னா?"

"முதல் வரியை மட்டும் படிச்சாப் போதும்டி. மிச்சத்தை நான் சொல்லிக்கறேன்."

போனை வைத்துவிட்டு, கிரஹாமை அடித்து வார்விக் என்று எழுதினேன்.