கைக்குள் நின்ற செய்தி

மதியம் மூன்று ஆகப்போகிறது. சான் எலீசியோ ஊர் முழுவதும் உண்டுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தது. கண்காணிப்பு அறையில் நானும் க்ரிசெல்டாவும் மட்டும். மாறி மாறிக் குழலில் உறிஞ்சும் மாத்தே தேநீர்க் கிண்ணம் என் முறைக்கு வந்து, என் கையிலேயே இருந்தது.

"அதென்ன மைக்கா, ஒல்லிக்குச்சி, கையிலயே புடிச்சிட்டிருக்க? உறிஞ்சிட்டுக் குடு. நான் பாட்டுக்கு ஃபிளாஸ்க்கையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

உறிஞ்சிவிட்டுக் கொடுத்தேன்.

திரையின் கடைசி வரி: ராமிரோ. கால்பட்டையில் சார்ஜ் குறைவு. 2:51.

ராமிரோ, எவெலினின் முன்னாள் கணவன். அவள் தாடையை இரண்டு முறை உடைத்தவன். நீதிமன்றம் அவன் காலில் இருப்பிடம் காட்டும் பட்டை பூட்டியது. அவள் வீட்டை நெருங்கினால் திரை சிவக்கும், ரோந்து வண்டி கிளம்பும். பட்டையின் செய்திகளை வாங்கும் நிரல் நான் எழுதியது.

2:57க்கு போன் அடித்தது. ஒலிபெருக்கியில் எவெலின்.

"அக்கா, கதவ உடைக்கிறான்!"

பின்னால் மரம் பிளக்கும் சத்தம்.

"யாரும்மா? ராமிரோ அவன் வீட்லதான இருக்கான். பச்சையாத்தான் காட்டுது."

"அவன்தான்கா! கோடாலி வச்சிருக்கான். எங்கப்பாவோட கோடாலி, எனக்குத் தெரியாதா?"

க்ரிசெல்டா இன்னொரு போனில் ரோந்து அலுவலரைப் பிடித்தாள்.

"சிவப்பு இல்லாம வண்டி வராது," என்றார் அவர். "போன வாரம் அனுப்பினேன், பூனைதான் நின்னுச்சு."

"பூனை கோடாலி தூக்குமாடா, நாயே!"

எவெலின் அலறினாள். அதுவரை நான் கேட்டிராத சத்தம். "விரல்… அக்கா, என் விரல்…" கதவைப் பிடித்துக்கொண்டிருந்த கைமேல் கோடாலி விழுந்திருந்தது.

நான் பதிவேட்டைத் திறந்தேன். 2:51க்குப் பட்டையிலிருந்து சங்கேதமாகப் பூட்டி வந்த தரவுக் கட்டின் அளவு ஒரு செய்திக்குப் பெரிது. இரண்டுக்குச் சரி.

க்ரிசெல்டா ஃபிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அப்போது கிண்ணம் என் கையில் இருந்தது.

பூட்டி வரும் கட்டைப் பிரிக்கும் பகுதி, கட்டு முழுவதையும் பிரித்துவிடும். பிறகு நாம் கேட்பதை மட்டும் தரும். என் நிரல் ஒரு செய்தி கேட்டது, வாங்கியது, மறுபடி இணைப்பின் வாசலில் போய்க் காத்திருந்தது. வாசலில் எதுவும் இல்லை. அது உண்மை. மீதி ஏற்கெனவே உள்ளே, பிரித்த நிலையில் கிடந்தது. 'உன்னிடம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா' என்று பிரித்தவனை நான் கேட்கவே இல்லை. ஒரு வரி. எழுதவில்லை.

அந்த நிரலைத் திருத்த நேரமில்லை. நிறுத்தி மறுபடி தொடங்கினால் உள்ளிருப்பது அழிந்துவிடும். வாசலைத் தட்ட வேறொரு செய்தி வர வேண்டும். அப்போதுதான் நிரல் மறுபடி கேட்கும், உள்ளே கிடப்பது முதலில் வரும். பட்டைக்கு அதிர்வுக் கட்டளை அனுப்பினால் அது பதில் சொல்லியே ஆக வேண்டும். அழுத்தினேன்.

போனில் ராமிரோ கத்தினான். "என்னடி இது, கால்ல…"

கால் அதிர்ந்ததும் குனிந்திருக்கிறான். அந்த நொடியில் ஏதோ கனமான இரும்பு எலும்பின்மேல் விழுந்தது. மறுபடி விழுந்தது. இஸ்திரிப் பெட்டி என்று பிறகு தெரிந்தது.

திரை சிவந்தது. எல்லை மீறல். 2:51. இப்போது மணி 3:00. பட்டையின் பதில் அதன் இடத்தில் உள்ளே மாட்டிக்கொண்டது.

"சிவப்பு! இப்பவாவது வண்டிய எடுடா!" க்ரிசெல்டா மேசையைக் குத்தினாள்.

போனில் அடி நிற்கவில்லை. எவெலின் மூச்சு வாங்கினாள். அடித்தாள். மூச்சு வாங்கினாள். கதவருகே அவனுடைய முனகல். அதுவும் நின்றது. ரோந்து வண்டி போய்ச் சேர்ந்தபோது அவனுக்குத் தாடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. உயிர் மட்டும் இருந்தது.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். அவள் இடது கையில் பெரிய கட்டு. இரண்டு விரல்கள் இல்லை.

"அவன் கால் அதிர்ந்துச்சே, நீங்களா பண்ணீங்க?"

"ஆமா."

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அப்பத்தான் இஸ்திரிப் பெட்டி கையில கிடைச்சுது."

நன்றியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். நான் அதிகம் பேசாதவள் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அவன் வர்றான்கிற செய்தி ஒம்பது நிமிஷம் முன்னாடியே வந்துடுச்சு. என்கிட்டதான் இருந்துச்சு. நான் பாக்கல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.